சாம் பெல்விக் ஸ்லிங்: இடுப்பெலும்பு முறிவுக்கான பட்டை, ஒரு மதிப்புரை

சாலை விபத்தில் அடிபட்டவர்களும் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர்களும் அதிகமாக வந்து சேரும் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும் நோயாளிகளுக்குச் சாம் பெல்விக் ஸ்லிங் பட்டையைக் கட்டிப் பார்த்த பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். வாங்கத் தகுந்த பொருளா என்று கேட்டால், ஆம் என்பேன். ஆனால் கட்டத் தெரிந்தவர் கையில் இருந்தால் மட்டுமே கொடுத்த விலைக்கு அது பயன் தரும்.

இடுப்பெலும்பு ஒரு வளையம். கண்ணாடி வளையலைப் போலவே அதுவும் பெரும்பாலும் ஓரிடத்தில் மட்டும் உடைவதில்லை. முன்புறத்தில் பிளந்திருந்தால் பின்புறத்தில் மூட்டோ எலும்போ விட்டுப்போயிருக்கும். அந்தப் பின்புறச் சுவரை ஒட்டிச் சிரைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. இத்தகைய முறிவுகளில் இரத்தம் பெரும்பாலும் இந்தச் சிரைகளிலிருந்தும் உடைந்த எலும்பின் முனைகளிலிருந்தும் கசிகிறது. தமனி அறுபடுவது குறைவு. வயிற்றறையின் பின்புறத்தில் லிட்டர் கணக்கில் இரத்தம் தேங்கினாலும் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் போகலாம் என்பதால், காலில் சிறு சிராய்ப்போடு வந்தவர் ஏன் இப்படி வெளிறிப்போகிறார் என்று உறவினர்கள் திகைப்பார்கள். விரிந்த வளையத்தை மூடி எலும்பு முனைகளை அசையவிடாமல் பிடித்து, உறையத் தொடங்கிய இரத்தக் கட்டி கலையாமல் காப்பதே இந்தப் பட்டையின் வேலை.

பட்டையின் சிறப்பு அதன் கொக்கியில் இருக்கிறது. ஆரஞ்சு நிற வாரையும் கறுப்பு வாரையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்போது, இறுக்கம் சுமார் 150 நியூட்டனை, அதாவது ஏறத்தாழ 15 கிலோ எடை தொங்கும் அளவு விசையை எட்டியதும், கொக்கி ‘கிளிக்’ என்ற ஒலியோடு பற்றிக்கொள்ளும். அதற்கு மேல் இழுத்தாலும் இறுகாது. அந்த ஒலி கேட்டவுடன் பிடியைத் தளர்த்தாமல் கறுப்பு வாரைப் பட்டையின் மீது அழுத்தி ஒட்டிவிட வேண்டும். மடித்த படுக்கை விரிப்பைச் சுற்றி இடுக்கி போட்டுக் கட்டினாலும் வளையம் மூடும். பட்டை இல்லாத இடத்தில் இன்றும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் எவ்வளவு இறுக்கினோம் என்பது விரிப்பில் கட்டியவரின் கைக்கே வெளிச்சம். டி-பாட் என்ற மற்றொரு பட்டையை நோயாளியின் சுற்றளவுக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளலாம். அளவு பார்த்து வாங்கி வைக்கும் கவலை இல்லை. ஆனால் அதில் ‘போதும்’ என்று சொல்லும் கொக்கி கிடையாது. சாம் ஸ்லிங் மூன்று அளவுகளில் வருகிறது. நடுத்தர அளவு சுமார் 81 முதல் 127 சென்டிமீட்டர் வரையுள்ள இடுப்புக்குப் பொருந்தும். சிறு குழந்தைகளுக்கு இது உதவாது.

கட்டும் இடத்தில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். பேன்ட் பெல்ட் போடும் இடத்தில், இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் கட்டினால் வளையம் சரியாக மூடாது. தொடை எலும்பின் மேல்முனையில், பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் புடைப்பான கிரேட்டர் ட்ரோக்கான்டரின் மட்டத்தில் பட்டை அமைய வேண்டும். ஆப்கானிஸ்தானின் கேம்ப் பாஸ்டியன் இராணுவ மருத்துவமனையில் எடுக்கப்பட்ட எக்ஸ்-ரே படங்களை வைத்து 2011-இல் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்கு மட்டுமே பட்டை சரியான மட்டத்தில் இருந்தது. தவறியவற்றில் பெரும்பாலானவை உயரே கட்டப்பட்டவை. பயிற்சி பெற்ற இராணுவ மருத்துவக் குழுக்களிடமே இந்த நிலை என்றால், நம் ஊரில் பட்டையோடு வரும் குறிப்புச் சீட்டை மட்டும் நம்புவது போதாது.

நம் நோயாளிகளிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. லுங்கி முடிச்சு, அரைஞாண் கயிறு, பாவாடை நாடா, சட்டைப்பையிலும் பேன்ட் பையிலும் உள்ள சாவிக்கொத்து, கைபேசி ஆகிய அனைத்தையும் வெட்டியோ எடுத்தோ அகற்றாமல் மேலே பட்டையைக் கட்டினால், சில மணி நேரத்திலேயே தோலில் புண் தொடங்கிவிடும். பட்டையை முழங்காலுக்கு அடியில் நுழைத்து மேலே நகர்த்துவதே முறை. நோயாளியைப் பக்கவாட்டில் புரட்டினால் உறைந்த கட்டி கலையும். கீழ்ப்புறத் துணி வழுவழுப்பாக இருப்பதால் இந்த நகர்த்தல் எளிதாகவே இருக்கிறது. பிறகு இரு கால்களையும் சேர்த்து, பாதங்கள் உட்புறம் திரும்பியவாறு கட்ட வேண்டும். முன்புறம் குறுகலாக அமைந்திருப்பதால், பட்டையை அவிழ்க்காமலேயே சிறுநீர்க் குழாய் செலுத்தலாம். சிறுநீர்த் துவாரத்தில் இரத்தம் தெரிந்தால் மட்டும், மூத்திரக்குழாய் அறுந்திருக்கிறதா என்று பார்க்காமல் அதைச் செய்யக் கூடாது.

புத்தகம் விரிந்ததுபோல் முன்புறம் திறந்த முறிவில் பட்டையின் பலன் மிகத் தெளிவு. பக்கவாட்டில் நசுங்கிய முறிவில் பலன் குறைவு. ஒருபக்க இடுப்பு மேல்நோக்கி ஏறிய முறிவில் காலை இழுத்து வைக்கும் எடையும் தேவைப்படும். சாலையோரத்தில் எது எந்த வகை என்று தெரியாது என்பதால், ஐயமிருந்தால் கட்டுவதே நடைமுறை. இதில் ஒரு விசித்திரம்: நன்றாகக் கட்டிய பட்டை முறிவையே மறைத்துவிடும். பிளந்த எலும்பு படத்தில் ஒழுங்காகச் சேர்ந்து தெரிய, பயிற்சி மருத்துவர் ‘முறிவில்லை’ என்று எழுதிவிடுவார். நோயாளி நிலைபெற்றபின் பட்டையைத் தளர்த்தி இன்னொரு படம் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

‘பட்டையிலேயே எலும்பு கூடிவிடாதா?’ என்று உறவினர்கள் கேட்பதுண்டு. கூடாது. இது நேரம் வாங்கித் தரும் கருவி. 24 மணி நேரத்துக்கு மேல் தோலின் மேல் இருக்கவே கூடாது. அதற்குள் இரத்தம் ஏற்றுவதும், அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் உறைந்த கட்டி கரையாமல் தடுக்கும் மருந்தான டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் செலுத்தி அடுத்த 8 மணி நேரத்தில் இன்னொரு கிராம் கொடுப்பதும் நடக்க வேண்டும். அப்படியும் இரத்த அழுத்தம் ஏறாதவருக்கு வெளிப்புறச் சட்டம் பொருத்துவது, உள்ளே துணிப்பொதி வைத்து அழுத்துவது, கசியும் தமனியைக் குழாய் வழியே அடைப்பது ஆகியவற்றுள் கைவசம் உள்ளதைச் செய்ய வேண்டும். தகடும் திருகும் பொருத்தும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அதன் பின்னும் பல வாரங்கள் அந்தக் காலில் முழு எடையை ஊன்ற விடமாட்டார்கள்.

குறைகள் என்றால், முதலாவது விலை. ஒரு பட்டைக்குப் பல ஆயிரம் ரூபாய் என்பது சிறிய மருத்துவமனைக்குச் சுமை. அதனால் இணையத்தில் கிடைக்கும் பெயர் தெரியாத நகல்களை வாங்குகிறார்கள். அப்படி வாங்கிய ஒன்று எங்களிடம் முதல் சலவையிலேயே ஒட்டும் தன்மையை இழந்தது. அதற்கு விரிப்பே மேல். இரண்டாவது, மேல்சிகிச்சைக்கு நோயாளியை அனுப்பும்போது பட்டையும் அவரோடு ஆம்புலன்சில் போய்விடும். கேட்டு அலைந்தாலொழியத் திரும்பி வராது. ஆகவே ஒன்று மட்டும் வாங்குவதில் பொருளில்லை. நடுத்தர அளவில் இரண்டும் பெரிய அளவில் ஒன்றும் வாங்கி, பூட்டிய ஸ்டோர் அறையில் வைக்காமல், மூச்சுக்குழாய்க் கருவிகள் இருக்கும் அதே டிராலியில், உறை பிரித்து, வார்கள் மேலே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.