லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் ஓடிபி சொல்வதற்கு முன்

திருச்சியில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறேன். 2022 ஜூனில் வீட்டின் முன்னறையில் தொடங்கியது. சிறு தொழில் தொடங்கப் போகிற பெண்கள் என்னிடம் வந்து, 'எல்லா லைசென்ஸும் ஒரே இடத்தில் எடுத்துத் தருகிறார்களாமே, கொடுக்கலாமா?' என்று கேட்கும்போதெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். 'உணவுப் பாதுகாப்புக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ, சிறு தொழில் பதிவுக்கு உத்யம், ஜிஎஸ்டி, மாநகராட்சி தொழில் உரிமம், நான்கும் சேர்த்து 8,500 ரூபாய்' என்றார் அங்கே இருந்தவர். மரியாதையாகப் பேசினார். 'நீங்கள் பொடி அரைப்பதைப் பாருங்கள் அக்கா, கவர்மெண்ட் விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பணத்தைக் கொடுத்தேன். ஆதார், பான், வீட்டு வரி ரசீது, போட்டோ எல்லாம் வாங்கிக்கொண்டார். மறுநாள் வறுத்த பருப்பு அடுப்பில் இருக்கும்போது போன் வந்தது. 'அக்கா, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கள்.' சொன்னேன். பத்து நிமிடத்தில் இன்னொன்று. மாலையில் இன்னொன்று. எது எதற்கு என்று கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் நான்கு காகிதங்களையும் லேமினேட் செய்து கொடுத்தார். சுவரில் மாட்டினேன்.

ஓராண்டு கழித்து, 2023 ஆகஸ்டில், அரைவை மெஷின் வாங்க வங்கிக்குப் போனேன். சிறு உணவுத் தொழில்களுக்கு 35 சதவீதம் மானியம் தந்த பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் கடன் கேட்டிருந்தேன். மேலாளர் என் ஜிஎஸ்டி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரையை என் பக்கம் திருப்பினார். ரிட்டன், அதாவது விற்பனை, வரிக் கணக்கு, தாக்கல் செய்த விவரம் வர வேண்டிய அட்டவணையில் ஒரு வரி கூட இல்லை. பன்னிரண்டு மாதமும் காலி. 'ரிட்டன் போடவே இல்லையா அம்மா?' என்றார். ரிட்டன் என்று ஒன்று போட வேண்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்கு ஜிஎஸ்டி பதிவே தேவைப்பட்டிருக்கவில்லை. பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். நான் மாதம் 60 ஆயிரத்துக்கு விற்கிறேன், எல்லாம் திருச்சிக்குள். வெளி மாநிலத்துக்கு சரக்கு அனுப்பினால் கணக்கு வேறு. நான் அனுப்பியதே இல்லை. ஆனால் ஒருமுறை பதிவு வாங்கிவிட்டால், விற்றாலும் விற்காவிட்டாலும் ரிட்டன் போட்டாக வேண்டும். விற்பனை இருக்கும் ரிட்டன் தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், என் அளவு வியாபாரத்துக்கு ஒரு ரிட்டனுக்கு 2,000 ரூபாய் வரை ஏறும். அது போக, பாக்கெட்டில் வரி சேர்க்காமல் ஓராண்டு விற்றிருக்கிறேன். அந்த வரியும் அதற்கு வட்டியும் என் கையிலிருந்து.

நோட்டீஸே வரவில்லையே என்று கேட்டேன். வந்திருக்கிறது. ஆறு மாதம் ரிட்டன் போடாததால் பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். பதிவில் இருந்த மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் அந்த ஏஜென்டுடையவை. என் பெயரில் இருந்த கணக்குக்குள் நானே நுழைய முடியவில்லை. அடையாள ஆவணங்களை எடுத்துக்கொண்டு வணிக வரி அலுவலகத்துக்குப் போய், என் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றிக் கேட்டு, புதுக் கடவுச்சொல் வாங்கினேன். அப்புறம் ஒரு ஆடிட்டரைப் பிடித்து, பாக்கி ரிட்டன்கள் எல்லாம் போட்டு, பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்து, கடைசி ரிட்டனையும் போட்டு முடித்தபோது 55 ஆயிரம் போயிருந்தது. மெஷினுக்கு என்று சேர்த்து வைத்த பணம் அது.

அதோடு முடியவில்லை. அடுத்த மாதம் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தார். சுவரில் இருந்த எஃப்எஸ்எஸ்ஏஐ சான்றிதழைப் படித்துவிட்டு, 'இது ஜூனிலேயே முடிந்துவிட்டதே' என்றார். ஐந்து வருடத்துக்கு எடுத்திருப்பதாக ஏஜென்ட் சொல்லியிருந்தார். எடுத்தது ஒரு வருடத்துக்கு. தேதி அதில் தெளிவாகத்தான் இருந்தது, லேமினேட் செய்த காகிதத்தை நான் படிக்கவில்லை. தொழில் வகை என்ற இடத்தில் சில்லறை விற்பனை என்று போட்டிருந்தது. நான் தயாரிப்பவள், தயாரிப்பு என்று இருக்க வேண்டும். அலுவலர் கடுமையாக நடந்துகொள்ளவில்லை, உடனே புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லி, எந்த வகையைத் தேர்வு செய்ய வேண்டும் என்றும் காட்டிக் கொடுத்தார். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். புது விண்ணப்பம் என்றால் புது எண். பழைய 14 இலக்க எண்ணோடு அச்சடித்த 3,000 ஸ்டிக்கர்கள் அட்டைப் பெட்டியில் அப்படியே கிடக்கின்றன.

மாநகராட்சி தொழில் உரிமம் என்று மாட்டியிருந்த காகிதம், விண்ணப்பித்ததற்கான ஒப்புகைச் சீட்டு மட்டும். உரிமம் வழங்கப்படவே இல்லை. எடைத் தராசுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும், பாக்கெட்டில் நிகர எடை, தயாரித்த அல்லது பொதி செய்த தேதி, அதிகபட்ச விலை, முகவரி, புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் வாயே திறக்கவில்லை.

அரசுக்குக் கட்டியது எவ்வளவு என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்ததால் அப்போது எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவுக்கு வருடத்துக்கு 100 ரூபாய். உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஜிஎஸ்டி பதிவுக்கும் கட்டணம் கிடையாது. இரண்டாம் முறை எஃப்எஸ்எஸ்ஏஐ விண்ணப்பத்தைக் கல்லூரியில் படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து ஃபாஸ்காஸ் என்ற அதன் இணையதளத்தில் நானே போட்டேன். ஒரு மாலைப் பொழுது ஆனது, அவ்வளவுதான். சந்தேகம் வந்தபோது மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனேன், காசு வாங்காமல் விளக்கினார்கள்.

ஏஜென்டிடம் போய்க் கேட்டேன். 'நீங்கள்தானே ஓடிபி சொன்னீர்கள்' என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. ரசீது என்று அவர் ஒன்றும் தரவில்லை. ஜிபேயில் அனுப்பியதால் மட்டும்தான் ஆதாரம் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை.

நேரம் இல்லாதவர்கள், இணையம் பழக்கமில்லாதவர்கள் ஆள் வைத்துத்தான் செய்வார்கள், அதில் தப்பில்லை. நேர்மையாகச் செய்து கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எந்த விண்ணப்பத்திலும் உங்கள் எண்ணும் உங்கள் மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும். கடவுச்சொல் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஓடிபி வந்தால் அந்தக் குறுஞ்செய்தி முழுவதையும் படியுங்கள், எதற்கு என்று அதிலேயே போட்டிருக்கும்.

ஏற்கெனவே யாரிடமாவது ஆதாரும் பானும் கொடுத்திருக்கிறீர்களா? இன்றைக்கே ஜிஎஸ்டி தளத்துக்குப் போய், வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் உங்கள் பான் எண்ணைப் போட்டுப் பாருங்கள். உள்நுழையத் தேவையில்லை. உங்கள் பெயரில் பதிவு ஏதாவது இருந்தால் அங்கே தெரியும்.