கெட்ட பேக்லிங்க்: எடுக்கச் சொல்வதா, டிஸ்அவோ செய்வதா, அப்படியே விடுவதா?

தளம் நடத்துபவர்களுக்குக் கூகிள் தரும் சர்ச் கன்சோலில் லிங்க் அறிக்கையைத் திறந்தால், நம் தளத்துக்கு லிங்க் (அதுதான் பேக்லிங்க்) கொடுத்திருக்கும், நாம் கேள்வியே பட்டிராத தளங்கள் வரிசையாக நிற்கும். வால்பேப்பர் தளங்கள், சூதாட்டத் தளங்கள், யாருக்கும் பயன்படாத டைரக்டரிகள், நம் படங்களைச் சுட்டுப் போட்டிருக்கும் பக்கங்கள். இவை கூகிளில் நம்மைக் கீழே இழுத்துவிடுமோ என்ற பயம் இயல்புதான். செய்யக்கூடியவை மூன்று. லிங்க் கொடுத்த தளக்காரரிடம் எடுக்கச் சொல்லலாம். கூகிளின் டிஸ்அவோ கருவியில் பட்டியல் கொடுத்து, இவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் எனலாம். அல்லது ஒன்றும் செய்யாமல் விடலாம்.

மஞ்சளும் மசாலாவும் விற்கும் ஒரு கடையின் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு மூன்றாவது வழியைத்தான் எடுத்தேன். இப்போது யார் கேட்டாலும் அதையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: முதலில் சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன் பக்கத்தைப் பாருங்கள். கூகிள் ஆட்களே பார்த்து உங்கள் தளத்துக்குத் தண்டனை கொடுத்திருந்தால் அங்கேதான் தெரியும். சிக்கல் எதுவும் இல்லை என்று பச்சை டிக் இருந்தால் இந்தப் பேச்சு பொருந்தும். இயற்கைக்கு மாறான லிங்க்குகள் என்று அங்கே அறிவிப்பு இருந்தால் கதையே வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் விட்டுவிடலாம்? லிங்க் மோசடியைப் பிடிக்கும் கூகிளின் பென்குயின் அல்காரிதம் 2012 ஏப்ரலில் வந்தபோது, மோசமான லிங்க்குகள் இருந்த தளமே கீழே தள்ளப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்அவோ கருவி வந்தது. அன்றைக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டது. லிங்க்குகளைச் சுத்தம் செய்தாலும் பென்குயின் அடுத்த முறை ஓடும்வரை தளம் எழுந்திருக்காது. 2014 அக்டோபரில் ஓடியது, மறுபடி வர 2016 செப்டம்பர் ஆனது. அந்த 2016 மாற்றத்தோடு பென்குயின் கூகிளின் மைய அல்காரிதத்திலேயே சேர்ந்துவிட்டது. தளத்தைத் தண்டிப்பதை விட்டு, குப்பை லிங்க்கை மதிப்பில்லாமல் ஆக்கும் முறைக்கு மாறியது. 2022 டிசம்பரில், ஸ்பேமைக் கண்டுபிடிக்கும் தங்கள் ஏஐ அமைப்பான ஸ்பேம்பிரெயினையும் இந்த வேலைக்கு இறக்கினார்கள். மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங் 2023-ல் தன் டிஸ்அவோ கருவியையே எடுத்துவிட்டது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகளால் ஒரு தளம் மேலே போயிருந்து, கூகிள் அவற்றை எண்ணாமல் விட்டால் தளம் இறங்கும். அது தண்டனை இல்லை, ஓசியில் கிடைத்த உயரம் போய்விட்டது, அவ்வளவுதான். அப்போது அந்த லிங்க்குகளை டிஸ்அவோ செய்தாலும் பழைய இடம் திரும்பாது.

எடுக்கச் சொல்லும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாமே போட்ட லிங்க் என்றால் அது பலிக்கும். பாடல் வரிகளுக்கு விளக்கம் தரும் ராப் ஜீனியஸ் தளம் நல்ல உதாரணம். பிளாக்கர்களிடம் லிங்க் வாங்கிக்கொண்டு பதிலுக்கு ட்விட்டரில் விளம்பரம் தருவதாகச் சொன்னார்கள். 2013 கிறிஸ்துமஸ் அன்று கூகிள் பிடித்தது. தங்கள் சொந்தப் பெயரைத் தேடினாலே தளம் முதலில் வராத நிலை. லிங்க் இருக்கும் பக்கங்களை நிரல் எழுதித் தேடிப் பிடித்து எடுக்க வைத்தார்கள், எஞ்சியதை டிஸ்அவோ செய்தார்கள், சுமார் பத்து நாளில் திரும்பி வந்தார்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்ததால் அது நடந்தது. தானாக முளைத்த குப்பைத் தளத்துக்கு மெயில் போட்டால் படிக்க ஆளே இருக்காது. எடுப்பதற்குக் காசு கேட்பவர்களும் உண்டு, கொடுக்காதீர்கள்.

இனி டிஸ்அவோ. இதை நான் ஒதுக்கியதற்கு முக்கியக் காரணம் பராமரிப்பு. பதிவேற்ற ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்தக் கோப்பு நம்மோடு வருடக்கணக்கில் வாழும்.

அது ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. வரிக்கு ஒரு முகவரி, அதிகபட்சம் 1 லட்சம் வரி, 2 எம்பி. புதிதாக ஒன்றை ஏற்றினால் பழையது மொத்தமாகப் போய்விடும். அடுத்த வருடம் வேறொருவர் நாலு புதிய வரிகளை மட்டும் எழுதி ஏற்றினால், முன்பு சேர்த்த அத்தனையும் காலி. கூகிள் அந்தப் பக்கங்களை மறுபடி படிக்கும்போதுதான் பட்டியல் வேலை செய்யத் தொடங்கும். அதற்குப் பல வாரங்கள் ஆகலாம். அப்புறமும் லிங்க் அறிக்கையில் அதே குப்பை அப்படியே தெரியும். பலன் கிடைத்ததா என்று காட்டும் அறிக்கை எதுவும் கிடையாது. பலன் தெரியாத ஒரு வேலையைப் பட்டியல் போட்டுத் தொடர்ந்து செய்ய வேண்டும் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அதைவிடப் பெரிய பயம், நல்ல லிங்க்கை வெட்டிவிடுவது. பிளாக்ஸ்பாட்டில் ஒரு குப்பைப் பதிவைப் பார்த்துவிட்டு, அந்த ஒரு முகவரியைப் போடாமல் பிளாக்ஸ்பாட் டொமைனையே வரியில் எழுதிவிட்டால், அதன் கீழ் உள்ள எல்லா வலைப்பூக்களும் சேர்ந்து போகும். தமிழில் சமையல் குறிப்பு எழுதும் எத்தனையோ பேர் இன்னும் பிளாக்ஸ்பாட்டில்தான் இருக்கிறார்கள். ரசப்பொடிக் குறிப்பின் அடியில் அவர்கள் கொடுக்கும் ஒரு லிங்க், எங்களைப் போன்ற கடைக்குப் பெரிய சொத்து.

ஒரு ஏஜென்சி எங்களுக்கு அனுப்பிய 'டாக்ஸிக்' (நச்சு) லிங்க் பட்டியலை வரிவரியாகத் திறந்து பார்த்தேன். சிவப்பில் இருந்தவற்றில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறைப் பக்கமும் இருந்தது. பழைய வடிவமைப்பு, பாதிப் படங்கள் வரவில்லை. ஆனால் மஞ்சள் ரகங்களைப் பற்றிய எங்கள் கட்டுரைக்கு மாணவர்களுக்காக லிங்க் கொடுத்திருந்தார்கள். இப்படிச் சிவப்பு காட்டும் மதிப்பெண், லிங்க் சோதிக்கும் கருவிகளை விற்பவர்களின் சொந்தக் கணிப்பு. கூகிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பட்டியலை அப்படியே ஏற்றியிருந்தால் அந்தப் பக்கமும் போயிருக்கும்.

சரி, மேனுவல் ஆக்‌ஷன் வந்துவிட்டால்? அப்போது டிஸ்அவோவைத் தயங்காமல் எடுங்கள், ஆனால் இரண்டாவதாக. முதலில் வாங்கிய லிங்க்குகளை எடுக்க வைக்க வேண்டும், அல்லது இது காசுக்குப் போட்ட லிங்க் என்று கூகிளுக்குச் சொல்லும், 2019-ல் வந்த ஸ்பான்சர்டு குறியையாவது போட வைக்க வேண்டும். பதில் வராதவற்றை மட்டும் கோப்பில் சேர்த்து, செய்த முயற்சிகளை விவரமாக எழுதி மறுபரிசீலனை கேட்க வேண்டும். அறிவிப்பு வராவிட்டாலும், முன்பு ஏராளமாக லிங்க் வாங்கியது உங்களுக்கே தெரியும் என்றால் இதே வழிதான், மறுபரிசீலனை கேட்பது மட்டும் இருக்காது.

நான் பார்த்ததெல்லாம் சின்னக் கடைத் தளங்கள். கடன், மருத்துவம் போலப் போட்டி கடுமையான துறைகளில் நான் வேலை செய்ததில்லை. போட்டியாளர் வேண்டுமென்றே ஆயிரக்கணக்கில் குப்பை லிங்க் அனுப்பும் நிலையும் எனக்கு நேர்ந்ததில்லை. அங்கே இருப்பவர்கள் என் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முந்தைய ஆள் விட்டுப்போன டிஸ்அவோ கோப்பு உங்கள் தளத்தில் இருக்கலாம். அதைத் தரவிறக்கி, ஒரு நகலைப் பத்திரப்படுத்திவிட்டு, டொமைன் முழுவதையும் வெட்டும் வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்படியே சர்ச் கன்சோலில் உரிமையாளராக யாருடைய மெயில் இருக்கிறது என்றும் பாருங்கள். மேனுவல் ஆக்‌ஷன் வந்தால் தகவல் அந்த மெயிலுக்குத்தான் போகும். ஏஜென்சியின் மெயில் மட்டும் இருந்தால், கடைக்காரரின் மெயிலையும் இன்றே சேர்த்துவிடுங்கள்.