சார்ஜரா, கழற்றிவிடுவதா? பொறியா, புதினா எண்ணெயா? குளிர்காலம் முழுக்க நின்ற காருக்கு எது உதவும்

நாலு மாதம் ஷெட்டில் நின்ற காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். டிக் டிக் டிக் என்று ரிலே மட்டும் துடித்தது, டாஷ்போர்டில் ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீயரிங், எஞ்சின் என்று இருக்கிற விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தன. சீட்டுக்கடியில் எலிப்புழுக்கை வேறு. போச்சு, வயரை முழுசாகத் தின்றுவிட்டது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். பேட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜ் செய்து மாட்டியதும் ஒன்றைத் தவிர எல்லா விளக்கும் அணைந்தன. அந்த ஒன்றுதான் எலியின் வேலை.

வோல்டேஜ் இறங்கினால் காரில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேச முடியாமல் ஆளாளுக்கு ஒரு புகாரைப் பதிவு செய்துவிடும். அதனால் பேட்டரிக் கோளாறும் எலிக் கோளாறும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டையும் சேர்த்தே அலச இன்னொரு காரணமும் உண்டு. பேட்டரிக்காக நாம் செய்கிற சில வேலைகள் எலிக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன.

முதலில் பேட்டரி

சும்மா நிற்கிற கார் முழுசாகத் தூங்குவதில்லை. அலாரம், ரிமோட் சாவிக்குக் காது கொடுத்தபடி இருக்கும் ரிசீவர் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 50 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர், அதாவது 60 ஆம்பியர்-அவர் பேட்டரி 50 நாளில் காலி. பாதி காலியாகும்போதே குளிரில் எஞ்சினைச் சுழற்றத் திணறும். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே போனால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரியின் ஆயுளே குறைய ஆரம்பித்திருக்கும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முழு சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது, ஆனால் காலியானதில் அமிலம் நீர்த்துப்போய், சுழியத்துக்குச் சில டிகிரி கீழேயே பனிக்கட்டியாகிவிடும். பக்கவாட்டில் உப்பியிருக்கிற பேட்டரியைப் பார்த்தால் சார்ஜரை மாட்டவே மாட்டாதீர்கள்.

இதற்கு எல்லோரும் சொல்கிற வைத்தியம், வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பது. என் பட்டியலில் இதற்குத்தான் கடைசி இடம். குளிர்ந்த எஞ்சினைச் சுழற்ற எடுத்த மின்சாரத்தை, ஐடிலிங்கில் (நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது) ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சினோடு சுழன்று பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி, திருப்பித் தருவதற்குள் அணைத்துவிடுகிறோம். சைலன்சரில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் கலக்கும். போதாததற்கு வாராவாரம் எஞ்சினைச் சூடாக்கிச் சுண்டெலிக்குக் கணப்பு போட்டுத் தருகிறோம். அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டிவிட்டு வர முடிந்தால் சரி, முடியாவிட்டால் தொடாமல் விடுவதே மேல்.

நெகடிவ் டெர்மினலைக் கழற்றிவிடுவது பைசா செலவில்லாத வழி, ஒரு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். கழற்றிய பேட்டரி தானாக இழப்பது மிதமான வெப்பத்தில் மாதம் 3 முதல் 5 சதவீதம், குளிரில் அதைவிடக் குறைவு, ஆக முழு சார்ஜில் கழற்றினால் வசந்தம் வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் அலாரம் வேலை செய்யாது, கடிகாரம் அழியும், சில கார்களில் ரேடியோ ரகசிய எண்ணைக் கேட்கும், ஜன்னல் கண்ணாடியின் தானியங்கி ஏற்றத்தைத் திரும்பப் பழக்க வேண்டும். டிக்கிக்குள் பேட்டரி இருந்து, டிக்கிப் பூட்டும் மின்சாரத்தில் திறப்பதாக இருந்தால் கதையே வேறு. நண்பர் ஒருவர் பேட்டரியைக் கழற்றிவிட்டு டிக்கியைச் சாத்தினார். சாவித்துவாரம் எங்கே என்று பிளாஸ்டிக் மூடிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

மெயின்டெய்னர் எனப்படும் ஸ்மார்ட் சார்ஜர்தான் பக்கத்தில் பிளக் இருக்கிறவர்களுக்கு என் பரிந்துரை. நிறைந்ததும் 13.2 முதல் 13.6 வோல்ட்டுக்கு இறங்கி, இழந்ததை மட்டும் ஈடு செய்துகொண்டிருக்கும். பழைய டிரிக்கிள் சார்ஜரையும் இதையும் ஒன்றாக நினைக்காதீர்கள். அது நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருந்து தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடும். ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சிவைத்திருக்கும் வகை) பேட்டரி என்றால் அதற்குரிய மோடில் போடுங்கள். நெகடிவ் கிளிப்பை பேட்டரி முனையில் மாட்டாமல் பாடியில் இருக்கும் எர்த் போல்ட்டில் மாட்டினால், நெகடிவ் முனையில் பேட்டரியின் சார்ஜை அளக்கும் சென்சார் இருக்கும் புதிய கார்களில் அதன் கணக்கு குழம்பாது. அப்புறம், சார்ஜர் வயருக்காகக் கதவையோ ஜன்னலையோ கொஞ்சம் திறந்துவைப்பவர்கள் கவனிக்க: சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், ஒரு பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும். வயரை பானெட்டுக்கு அடியில் விடுங்கள், கேபினை மூடியே வையுங்கள்.

சோலார் தகட்டை டாஷ்போர்டில் வைக்கிறவர்களும் உண்டு. ஷெட்டுக்குள் வெயில் ஏது, வெளியே நின்றால் பனி மூடும், பல கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட் சாவியை எடுத்ததும் இறந்துவிடும். மின்சாரக் கார்க்காரர்கள் நமக்கென்ன என்று இருக்க வேண்டாம், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி படுத்துவிட்டால் கதவுகூடத் திறக்காது.

இனி எலி

சோயாவில் செய்த வயர் உறைதான் எலியை இழுக்கிறது என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக ஓடுகிறது. இருக்கலாம், ஆனால் சோயா வருவதற்கு முந்தைய கார்களின் வயரையும் எலி விட்டுவைத்ததில்லை. அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்தே ஆக வேண்டும். அதற்குத் தேவை காய்ந்த இடம், மெத்தைக்குப் பஞ்சு. பானெட்டின் உள்பக்கத் துணி, ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர் மூன்றும் தயாராக இருக்கின்றன.

மணம் வைத்து விரட்டுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. புதினா எண்ணெயின் வாசம் சில நாளில் ஆவியாகிவிடும், மாதக்கணக்கில் வாராவாரம் போய் ஊற்றுகிறவர் யாரும் காரை நிறுத்திவைக்க மாட்டார். துணி உலர்த்தியில் போடும் மணத்தாளை நான் ஒரு வருஷம் சீட்டெல்லாம் பரப்பினேன், அதையே கிழித்துக் கூட்டுக்கு விரித்திருந்தது. அந்துருண்டை எலியை விரட்டுகிறதோ இல்லையோ நம்மை விரட்டும், சீட்டில் ஏறிய நாப்தலின் நாற்றம் கோடை வரை போகாது, மூச்சில் இழுக்கவும் நல்லதில்லை.

அல்ட்ராசோனிக் கருவி? உயர் அதிர்வெண் ஒலி எதன் பின்னாலும் வளைந்து போகாது, எஞ்சின் அறையோ முழுக்க முழுக்க மறைவிடம், அதோடு எலிக்குச் சத்தம் பழகிவிடும். 2001-லேயே அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இத்தகைய கருவிகளைத் தயாரிக்கிற, விற்கிற 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, சொல்வதை நிரூபிக்க ஆதாரம் வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பாருங்கள், இன்னும் விற்கிறது.

விஷம் வேலை செய்யும், அதுதான் பிரச்சினையே. தின்ற எலி புளோயருக்குப் பின்னால் போய்ச் செத்தால் டாஷ்போர்டைக் கழற்றாமல் எடுக்க முடியாது. வெளியே போய்ச் செத்தால் அதைத் தின்கிற ஆந்தைக்கும் பூனைக்கும் ஆபத்து.

ஜெயிப்பது பழைய ஸ்பிரிங் பொறிதான். காருக்கு உள்ளே வேண்டாம், ஷெட்டின் சுவரோரமாக, இரை வைக்கும் முனை சுவரைத் தொடுகிற மாதிரி குறுக்காக வையுங்கள், எலி சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும். இரை பட்டாணி அளவு போதும், அதிகம் வைத்தால் பொறி விழாமலே நக்கிவிட்டுப் போகும். வாரம் ஒருமுறை பார்க்க ஆள் வேண்டும், அது இதன் குறை. கூடவே கம்பி வலை. ஏர் இன்டேக் வாயில், சைலன்சர் முனை, கண்ணாடிக்குக் கீழே கேபின் காற்று நுழையும் இடம், இங்கெல்லாம் 6 மில்லிமீட்டருக்கும் குறைவான கண் உள்ள ஸ்டெயின்லெஸ் வலை. ஸ்டீல் வுல் மலிவுதான், ஆனால் துருப்பிடிக்கும், அதன் இழை பேட்டரி முனைகளுக்கு நடுவே விழுந்தால் தீப்பொறி.

ஹோண்டா விற்கிற மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பைப் பற்றிக் கேட்பார்கள். சுற்றிய இடத்தில் பரவாயில்லை, ஆனால் எஞ்சின் அறையின் அத்தனை வயரையும் சுற்ற யாரால் முடியும்? ஏற்கெனவே கடிபட்டு ஒட்டுப்போட்ட இடத்துக்கு அது பொருத்தம். பானெட்டைத் திறந்துவைப்பது இலவசம், மறைவு குறைகிறது, விளக்கு எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேட்டரி போகும். தரையைத் தொடுகிற தார்ப்பாய் உறையை மட்டும் போடாதீர்கள், அது எலிக்கு நாம் அடித்துக்கொடுத்த கூடாரம்.

வெளியே எடுக்கும் நாள்

சாவியைத் தொடாமல் முதலில் பானெட்டைத் திறந்து டார்ச் அடியுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைக் கழற்றினால் உள்ளே கிழித்த பஞ்சு, கொட்டை ஓடு, அரிசி மணி அளவுப் புழுக்கை இருக்கிறதா என்று தெரியும். கேபின் ஃபில்டரைப் பார்க்கும் வரை புளோயரைப் போடாதீர்கள், தூசியெல்லாம் முகத்தில் அடிக்கும். எலி எச்சத்தின் தூசியில் ஹன்டா வைரஸ் பரவக்கூடும், அதனால் பெருக்குவதும் வாக்குவம் போடுவதும் கூடாது. கதவுகளைத் திறந்து அரை மணி காற்றாட விட்டு, கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து ஐந்து நிமிஷம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள்.

பிறகு பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்து, காரின் கம்ப்யூட்டர்களில் பதிவான பழைய எரர் கோடுகளை (பிழைக் குறியீடுகளை) அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வருகிற கோடுதான் உண்மையான கோளாறு. எனக்குத் திரும்பி வந்தது பின்சக்கர வேக சென்சார், வயர் பாதி அறுந்து செம்பு இழை இரண்டு மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. பல கோடுகள் சேர்ந்து வந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஓபிடி சாக்கெட்டில் (கோளாறு அறியும் கருவியை மாட்டும் இடம்) 6-ஆம் 14-ஆம் பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேசும் இரட்டை வயரான கேன் லைன் அங்கே நேராக வருகிற கார்களில் 60 ஓம் காட்டினால் லைன் சரி, 120 என்றால் எங்கோ அறுந்திருக்கிறது, சுழியத்துக்குப் பக்கம் என்றால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒர்க்ஷாப்பில் முழு ஹார்னெஸையும் (வயர்க் கட்டையும்) மாற்றச் சொன்னார்கள். இரண்டு மூன்று வயர்தான் என்றால் கிரிம்ப் போட்டு (உலோகக் குழாயில் நசுக்கி இணைத்து), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) மாட்டினாலே பல வருஷம் ஓடும், வெறும் இன்சுலேஷன் டேப் மட்டும் ஈரத்தில் நிற்காது. மஞ்சள் கனெக்டர் உள்ள ஏர்பேக் வயரிலும் மின்சாரக் காரின் ஆரஞ்சு கேபிளிலும் கைவைக்க வேண்டாம், அங்கே மெக்கானிக் சொல்வதே சரி.

இப்போதெல்லாம் எங்கெங்கே வலை வைத்தேன் என்று ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுகிறேன். போன வருஷச் சீட்டில் மூன்று இடம் இருந்தது, நான் வைத்ததோ நான்கு. நான்காவதை, ஏசியில் ஏன் காற்றே வரவில்லை என்று கோடையில் கேபின் ஃபில்டரைக் கழற்றியபோதுதான் கண்டுபிடித்தேன்.