அட்டை போன எஸ்பெராண்டோ இலக்கணம், 60 ரூபாய்

சேலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அட்டையும் முதல் சில தாள்களும் போய்விட்டதால் எழுதியவர் யாரென்று தெரியாது. ஆங்கிலப் புத்தகம். 100 சொன்னார், 60-க்குக் கொடுத்தார்.

எஸ்பெராண்டோ, சாமென்ஹோஃப் என்ற கண் டாக்டர் உருவாக்கி 1887-இல் வார்சாவில் வெளியிட்ட மொழி. அடிப்படை விதிகள் 16தான்.

நான் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். லோடு வராத மதிய நேரத்தில் படித்தேன். எங்கள் சரக்குக்கு அங்கே பேர் மாங்கோ. 'ஓ'வில் முடிந்தால் பெயர்ச்சொல். பன்மைக்கு ஒரு 'ய்', மாங்கோய். செயப்படுபொருளானால் மேலே ஒரு 'ன்', மாங்கோய்ன். இந்த 'ன்'னைப் புரியவைக்கப் புத்தகக்காரர் பக்கம் பக்கமாக மன்றாடுகிறார். நாய் மனிதனைக் கடித்தாலும் மனிதனை நாய் கடித்தாலும் கடிபட்டது யாரென்று 'ஐ'யே சொல்லிவிடும். நமக்கெதற்கு இவ்வளவு விளக்கம்?

ஆனாலும் வழுக்கினேன். 'தண்ணீர் குடித்தேன்' என்று நாம் 'ஐ'யை விழுங்கிவிடுவோம். அங்கே அந்தச் சலுகை இல்லை, 'ஆக்வோன்' என்றே சொல்லியாக வேண்டும். பெயரடைக்கும் அதே வால்: டோல்ச்சாய்ன் மாங்கோய்ன். 'இனிப்பானவைகளை மாம்பழங்களை' என்பதுபோல. எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

வினைச்சொல் மட்டும் சொகுசு. நானோ அவனோ அவர்களோ, எல்லாருக்கும் 'லபோராஸ்', அதாவது இப்போது வேலை செய்வது. நேற்றென்றால் லபோரிஸ், நாளையென்றால் லபோரோஸ்.

'நி லபோராஸ்' என்று வாய்விட்டுப் படித்தேன். முதலாளி நிமிர்ந்தார்.

"யாருப்பா, என்னயவா நீங்கற?"

"இல்லீங்க, இதுல 'நி'ன்னா நாமங்க."

"நாமளா, நாங்களா?"

கல்லாவில் உட்கார்ந்தபடி அவர் கேட்ட கேள்விக்குப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. மொழியிலும் பிரிவில்லை, இரண்டுக்கும் ஒரே 'நி'.

பெரிய குறை, எங்கே, அங்கே, எப்போது மாதிரியான 45 சொற்களின் அட்டவணை இருந்த தாள் கிழிந்திருப்பது. பின்னாலுள்ள அகராதியைப் புரட்டி நானே கோத்தேன்: கீயே எங்கே, தீயே அங்கே, கீயாம் எப்போது, தீயாம் அப்போது. நம் எகர வினா, அகரச் சுட்டு மாதிரியே ஓடுகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு முதல் பாடமாக வைக்கவேண்டியதை இவர் கடைசியில் தள்ளியிருக்கிறார். 60 ரூபாய்க்கு நஷ்டமில்லை. 100 என்றால் அந்தத் தாள் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.