பதினைந்து வருஷமாக முறை வைத்து ஆடியதில் ஆழமானது எது?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தீபாவளி நெருங்கினால் வேலை முடிந்து ஒத்தக்கடை வந்து சேர இரவு பதினொன்று ஆகிவிடும். அதற்கு மேல் குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால், துப்பாக்கிச் சண்டை ஆடும் அளவுக்குக் கையும் கண்ணும் ஒத்துழைக்காது. அதனால்தான் டர்ன் பேஸ்டு ஆர்பிஜி, அதாவது முறை வைத்துச் சண்டை போடுகிற, ஆட்களை வளர்த்துக்கொண்டே கதையில் போகிற வீடியோ கேம் பக்கம் ஒதுங்கினேன். நான் ஒரு அடி, எதிரி ஒரு அடி. நடுவில் தண்ணீர் குடிக்கலாம், கேட்டைப் பூட்டிவிட்டு வரலாம், எவனும் நம்மைச் சுட மாட்டான்.

என் அக்கா மகனுக்கு இது வேடிக்கை. “என்ன மாமா, ரேஷன் கடை மாதிரி வரிசையில நின்னு அடி வாங்குறீங்க?” என்பான். சோம்பேறிக்கு ஏற்ற வகை என்று ஒரு காலத்தில் நானும்தான் நினைத்திருந்தேன். கல்லூரி நாளில் போக்கிமான் எமரால்டில் ஆரம்பித்து பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. இப்போது அப்படி நினைப்பதில்லை.

ஆழம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சண்டைக்கு வருவார்கள். நூறு ஸ்கில், இருநூறு ஆயுதம் இருப்பது ஆழம் இல்லை. அப்பத்தா திண்ணையில் கரிக்கோடு போட்டு ஆடுபுலி ஆடுவாள். மூன்று புலி, பதினைந்து ஆடு, தாயக்கட்டைகூடக் கிடையாது. ஆனால் ஒரு ஆட்டை எங்கே வைப்பது என்று வாயிலிருக்கிற வெற்றிலை தீரும்வரை யோசிப்பாள். ஒரு ஆட்டை மாற்றி வைத்தால் நாலு முறை கழித்து அதன் பலன் தெரியும். என் சோதனையும் அதுதான். நூறு மணி நேரம் ஆடிய பிறகும், பாஸ் என்கிற பெரிய எதிரி இல்லாத ஒரு சாதாரணச் சண்டையில் மவுஸிலிருந்து கையை எடுக்க வைக்கிறதா? அப்படி வைத்தால் ஆழம்.

இந்தச் சோதனையில் எனக்கு முதலிடம் ஷின் மெகாமி டென்செய் 3 நாக்டர்ன். மூல ஆட்டம் ஜப்பானில் 2003இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. நான் ஆடியது 2021இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஹெச்டி பதிப்பு. பார்ப்பதற்குப் பழசாகத்தான் இருக்கும், சுவரும் தரையும் காலியாகக் கிடக்கும். சண்டை ஆரம்பித்ததும் அதெல்லாம் மறந்துபோகும்.

அதன் உயிர் ‘பிரஸ் டர்ன்’ என்கிற ஏற்பாடு. நம் அணியில் நாலு பேர் என்றால் நாலு டர்ன், மேலே நாலு குறியாகத் தெரியும். எதிரியின் பலவீனத்தில் அடித்தால் அந்த அடிக்கு அரைக்குறிதான் செலவு. சரியாக அடித்துக்கொண்டே போனால் நாலு டர்ன் எட்டாகும். தவறவிட்டாலோ, எதிரிக்கு உறைக்காத மந்திரத்தைப் போட்டாலோ இரண்டு குறி போய்விடும். அவன் உறிஞ்சிக்கொள்கிற, திருப்பி அனுப்புகிற மந்திரத்தைப் போட்டுவிட்டால் மிச்சமிருக்கிற மொத்த டர்னும் காலி. அதே சட்டம் எதிரிக்கும் உண்டு என்பதுதான் விஷயமே. கதாநாயகன் செத்தால், மற்ற மூன்று பேர் உயிரோடு இருந்தாலும் ஆட்டம் முடிந்தது.

மாட்டடார் என்று ஒரு எலும்புக்கூடு வருவான், கையில் சிவப்புத் துணியும் வாளுமாக. முதல் முறையில் துணியை ஒரு வீசு வீசுவான். அத்தோடு அவனுடைய வேகம் உச்சிக்குப் போய்விடும், நாம் வீசுகிற எதுவும் படாது. படாத ஒவ்வொரு அடிக்கும் இரண்டு டர்ன் போகுமே. நாலு பேரும் ஆசை ஆசையாக நிற்பார்கள், இரண்டு பேர் கை ஓங்குவதற்குள் நம் முறை முடிந்திருக்கும். நான் ஆறு இரவு தோற்றேன். லெவல் ஏற்றினால், அதாவது ஆட்களின் பலத்தைக் கூட்டினால் சரியாகும் என்று நினைத்தது என் தப்பு. ஏழாவது இரவு அணியையே கலைத்தேன். காற்றுத் தாக்குதல் உறைக்காத பேய்களாகப் பார்த்துச் சேர்த்தேன், எதிரி குறிபார்த்து அடிப்பதையும் விலகுவதையும் மங்க வைக்கிற மூச்சு ஸ்கில்லைக் கதாநாயகனுக்குக் கற்றுக்கொடுத்தேன். அப்புறம் அவன் எல்லோர் மேலும் காற்று வீசியபோது, அது உறைக்காதவர்கள் மேல் பட்டு அவனுடைய டர்ன் கழன்று விழுந்தது. அந்தக் குறிகள் அணைந்ததைப் பார்த்து நடுராத்திரியில் கை தட்டினேன். கீழே இருந்து அம்மா, “யார்ரா அங்க?” என்றார்.

அணி சேர்ப்பதே தனி ஆட்டம். பேய்களிடம் பேரம் பேசிக் கூட்டிக்கொள்ள வேண்டும், இரண்டைக் கலந்து மூன்றாவதை உருவாக்க வேண்டும். பெற்றோரிடமிருந்து எந்த ஸ்கில் போக வேண்டும் என்று ஹெச்டி பதிப்பில் நாமே தேர்ந்தெடுக்கலாம். மூலத்தில் அது குலுக்கல்தான். வேண்டியது வரும்வரை ரத்து செய்து ரத்து செய்து மறுபடி பார்ப்பார்களாம். பழைய ஆட்களின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

குறை உண்டு. குறிப்பிட்ட இடங்களில்தான் முறையாகச் சேவ் செய்ய முடியும். அப்போது என்னிடம் இருந்தது டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப். “பேட்டரி புத்தம் புதுசு தம்பி” என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு மாதத்தில் அந்தப் புத்தம் புதுசு செத்துப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போன அதே நொடியில் ஐம்பது நிமிட ஆட்டமும் போனது. இடையில் நிறுத்திச் சேமிக்கும் வசதி ஹெச்டி பதிப்பில் இருக்கிறது, நான்தான் போடவில்லை. பேட்டரி பற்றிக் கேட்கப் போனால், கடைக்காரர் என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்கிற மாதிரி டீ குடித்துக்கொண்டிருந்தார். சரி, அது வேறு கதை.

இரண்டாவது, டிவினிட்டி ஒரிஜினல் சின் 2. 2017இல் வந்தது. மூன்று தடவை முடித்திருக்கிறேன், 260 மணி நேரத்துக்கு மேல். நாக்டர்னில் ஆழம் டர்ன் கணக்கில் இருக்கிறது என்றால், இதில் தரையில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு முறைக்கு நாலு ஆக்‌ஷன் பாயின்ட், செலவழிக்காமல் வைத்தால் ஆறு வரை சேரும். நடப்பதற்கும் அதிலிருந்துதான் செலவு. தரையில் எண்ணெய் கொட்டிக் கிடந்தால் தீ வைக்கலாம், தண்ணீர் இருந்தால் மின்சாரம் பாய்ச்சலாம், ரத்தம்கூட மின்சாரம் கடத்தும். மேட்டில் நின்று அம்பு விட்டால் சேதம் கூடும்.

பிளாக்பிட்ஸ் என்ற எண்ணெய்க் கிணற்று இடத்தில் ஒரு சண்டை. சுற்றிலும் எண்ணெய், ஒரு பொறி பட்டதும் திரை முழுக்கத் தீ. அது சாதாரணத் தீயும் இல்லை, சபித்த தீ. தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஆசீர்வாத மந்திரம் வேண்டும், அதற்குச் சோர்ஸ் பாயின்ட் என்கிற மந்திர சக்தியில் ஒன்று செலவாகும். நான் இதைக் கோயம்புத்தூரில் இருக்கும் நண்பனோடு சேர்ந்து ஆடினேன். அவன் உற்சாகத்தில் விட்ட தீமழை என் ஆள் தலையிலேயே விழுந்தது. “தள்ளி நிக்கக் கூடாதாடா?” என்று என்னையே திட்டினான். பிறகு ஒரு மணி நேரம் சண்டையே போடாமல், யாரை எந்த மேட்டில் முன்கூட்டியே நிறுத்துவது என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்த பகுதி.

ஆனால் கவசத்தை உடல் கவசம், மந்திரக் கவசம் என்று இரண்டாகப் பிரித்து வைத்தது பெரிய சறுக்கல் என்பேன். கவசம் பூஜ்யமாகும்வரை மயக்கம், உறைதல் எதுவும் எதிரிக்குப் பிடிக்காது. இரண்டு பேர் வாள், இரண்டு பேர் மந்திரம் என்று கலந்து வைத்தால் ஆளுக்கொரு கவசத்தைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாலு பேரையும் வாள், வில் என்று ஒரே பக்கம் திருப்பினால் சண்டை சப்பென்று ஆகிவிடும். என் மூன்றாவது சுற்று அப்படித்தான் ஆனது.

அதே நிறுவனம் 2023இல் கொண்டுவந்த பால்டர்ஸ் கேட் 3ஐ இதற்கு மேலே வைப்பவர்கள் நிறைய. கதைக்கும் மனிதர்களுக்கும் நானும் வைப்பேன், சண்டைக்கு வைக்க மாட்டேன். முதல் பாதி அபாரம். பெரிய சிலந்தி ஒன்று வலைப்பாலத்தில் நிற்கும். அதை அடிக்காமல் அது நிற்கிற வலையை எரித்தேன், கீழே பாதாளத்தில் விழுந்து பாதி உயிர் போனது. இப்படி யோசித்தால் ஆட்டம் ‘சரி, செய்’ என்று விட்டுக்கொடுக்கும். ஆனால் பன்னிரண்டாம் லெவல்தான் உச்சம். மூன்றாம் பாகத்தில் அதைத் தொட்ட பிறகு சாதாரணக் கடினத்தில் எதிரிகள் தாக்குப்பிடிக்கவில்லை, கையை மவுஸில் வைத்தபடியே முடித்தேன். பின்னால் சேர்த்த ஹானர் மோடில், ஒரே சேவ், தோற்றால் தோற்றதுதான் என்று ஆடினால் யோசனை திரும்பி வருகிறது. இன்னொன்று, 150 ஜிபி இடம் கேட்கும். அக்கா கல்யாண வீடியோவை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றித்தான் இடம் பண்ணினேன். அக்காவுக்குத் தெரியாது.

பழைய லேப்டாப்தான் இருக்கிறது என்றால் டார்க்கெஸ்ட் டஞ்சன், 2016. நாலு பேர் வரிசையாக நிற்பார்கள், எந்த இடத்தில் நிற்கிறார்களோ அதற்கேற்ற ஸ்கில்தான் வேலை செய்யும். பின்னால் நிற்பவரை எதிரி முன்னால் இழுத்துப் போட்டுவிட்டால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உயிரோடு மன அழுத்தத்துக்கும் தனிக் கணக்கு. நூறு தொட்டால் மனசு உடையும், எப்போதாவது ஒருவர் துணிந்து நிமிர்வார். இருநூறு தொட்டால் மாரடைப்பு. வைத்தியம் பார்க்கும் வெஸ்டலுக்கு அப்பத்தா பெயரை வைத்திருந்தேன். மாரடைப்பு வந்து சாவின் விளிம்பில் நின்றவளை, அடுத்த அடியில் ஒரு எலும்புக்கூடு முடித்துவிட்டது. ஆட்டம் தானே சேவ் ஆகிவிடும், திரும்பப் போக வழியில்லை. அன்றிலிருந்து சொந்தக்காரர் பெயர் வைப்பதில்லை, மேனேஜர் பெயர்தான்.

போக்கிமானை நிறையப் பேர் குழந்தை ஆட்டம் என்று ஒதுக்குவார்கள். கதையை மட்டும் ஆடினால் அவர்கள் சொல்வது சரி. எமரால்டை சுவாம்பர்ட் என்ற ஒரே போக்கிமானை வைத்துக்கொண்டு முடித்தவன் நான். உள்ளே இருக்கிற கணக்கு வேறு ரகம். ஒவ்வொரு போக்கிமானுக்கும் வேகம், பலம் என்று இருக்கிற ஆறு குணத்துக்கும் பிறவி எண் 0 முதல் 31 வரை, பயிற்சி எண் மொத்தம் 510, ஒரு குணத்துக்கு 252க்கு மேல் வைத்துப் பயனில்லை. மனித எதிரியோடு ஆடும்போது இருவரும் ஒரே நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். அவன் ஆளை மாற்றுவான் என்று நான் ஊகிப்பேன், நான் ஊகிப்பேன் என்று அவன் ஊகிப்பான். இந்த ஆழம் ஆட்டத்தை விற்கிற பெட்டியில் எங்கும் எழுதியிருக்காது.

ஃபைனல் ஃபேன்டஸி 10 எனக்கு மிகப் பிரியமானது. யார் அடுத்து அடிப்பார் என்ற வரிசை பக்கத்திலேயே தெரியும், சண்டை நடுவிலேயே ஆளை மாற்றலாம். ஆனால் பறப்பது வந்தால் நம் ஆட்களில் வாக்கா, ஓடு கெட்டியாக இருந்தால் ஆரான், கூழ் மாதிரி வந்தால் லுலு. பத்து மணி நேரத்தில் இது பூட்டுக்குச் சாவி பொருத்துகிற வேலையாகிவிடும். ஆக்டோபாத் டிராவலர் பார்க்க அழகு. கேடயத்தை உடைத்து, சேர்த்து வைத்த பாயின்ட்டை மொத்தமாக இறக்கு என்று ஒவ்வொரு சண்டையும் ஒரே தாளத்தில் போகும்.

கடைசியாக, 2025இல் வந்து எல்லோர் வாயிலும் இருந்த எக்ஸ்பெடிஷன் 33. அவனியாபுரத்தில் அக்கா மகன் வீட்டில் ஆடினேன், அவனிடம்தான் நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. எதிரி முறையிலும் நாம் சும்மா இருக்க முடியாது, அடி விழுகிற நொடியில் பட்டனை அழுத்தித் தடுக்க வேண்டும். நான் அழுத்தியதெல்லாம் அரை நொடி லேட். “கண்ணால பாக்காதீங்க மாமா, சத்தத்தைக் கேளுங்க” என்றான். கேட்டேன், செத்தேன். கன்ட்ரோலரை வாங்கி அதே பாஸை ஒரு அடி வாங்காமல் முடித்தான். “இதுல வரிசையில நின்னுதான மாப்ள அடிச்ச?” என்றேன். சிரித்தான். பில்ட், அதாவது ஆளுக்கு ஏற்ற ஆயுதமும் ஸ்கில்லும் கோர்த்து அமைக்கிற பகுதி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, ஆனால் தடுக்கத் தெரிந்தவனுக்கு அந்த யோசனை பாதி தேவைப்படாது. இதை நாக்டர்ன் பக்கத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

போன வாரம் அவனே நாக்டர்னை இறக்கியிருக்கிறான். நேற்று இரவு பதினொன்றரைக்கு போன்.

“மாமா, இந்தச் செவப்புத் துணிக்காரன்…”

“எத்தனை தடவை செத்த?”

“ஒம்பது. லெவல் ஏத்திட்டு வரட்டா?”

ஏத்து என்றேன்.