நடைக்கு எந்தத் தரை: ஆத்தங்குடியா, விட்ரிஃபைடா, ரெட் ஆக்சைடா?

வாசலிலிருந்து வீட்டுக்குள் போகும் நடை 4 அடி அகலம், 10 அடி நீளம் என்றால் மொத்தமே 40 சதுர அடிதான். அதில் சோபா போட முடியாது, அலமாரி வைத்தால் இடிக்கும். அதனால் அழகு தரையிலிருந்து வரட்டும், சுவர் சும்மா இருக்கட்டும் என்பது என் கட்சி. போட்டி மூன்று பேருக்குள்.

ஆத்தங்குடிக் கல்லை சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் இன்றும் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் மணல், சிமெண்ட் கலவையை மேலே போட்டு அழுத்துவார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்து, காயவைப்பதோடு சரி. கண்ணாடியைக் கழற்றினால் தெரியும் வழுவழுப்புதான் அதன் பளபளப்பு. பூவின் ஓரம் அங்கங்கே கொஞ்சம் பிசகியிருக்கும். அது உறுத்தும் என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

நடைக்கு இது பொருந்துவது அளவால்தான். 8 அங்குலக் கல் 4 அடி அகலத்துக்குச் சரியாக ஆறு. இரண்டு ஓரமும் ஒவ்வொரு வரிசை பார்டர், நடுவில் நான்கு வரிசை பூ. வெட்டு வேலையே இல்லை.

சிக்கல் உயரத்தில். கல்லே கிட்டத்தட்ட 2 செ.மீ. கனம், அடியில் கலவை வேறு. ஃபிளாட்டில் பழைய தரையை உடைக்காமல் பதித்தால் வாசல் கதவு திறக்காது. அப்புறம், அமிலம் ஆகாது. எலுமிச்சையோ பாத்ரூம் கழுவும் ஆசிடோ பட்ட இடம் மங்கிவிடும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும்.

விட்ரிஃபைட், அதாவது அதிக சூட்டில் சுட்ட கெட்டியான டைலில், இந்தத் தொல்லைகள் இல்லை. கனம் 8 முதல் 10 மி.மீ., நீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் கீழே, பழைய டைல்ஸ் மேலேயே பசை போட்டு ஒட்டலாம். ஆனால் கடைக்காரர் காட்டும் கண்ணாடிப் பளபளப்பை வாங்காதீர்கள். மழை நாளில் ஈரக்காலோடு நுழைபவர் வழுக்கி விழுவார். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் கேளுங்கள். இன்னொன்று: மூன்றரை அடி நடையில் 2 அடி டைலை ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் ஜாயின்ட் ஒரு பக்கமாக ஓடி, நடையே கோணலாகத் தெரியும். முழு டைல் நடுவில், இரு பக்கமும் 9 அங்குலத் துண்டு என்று மேஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ரெட் ஆக்சைடு, அதாவது சிவப்புப் பொடி கலந்த சிமெண்டைப் பூசித் தேய்த்த தரை, எனக்குப் பிடிக்கும். ஜாயின்ட் கிடையாது, மிதிக்க மிதிக்க மெருகு ஏறும். ஆனால் விரிசல் விட்டால் ஒட்டுப்போட்ட இடம் நிறம் மாறித் தெரியும். தேய்த்து மெருகேற்றத் தெரிந்த கொத்தனார் கையில் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

தனி வீடு, புதிதாகத் தரை போடுகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆத்தங்குடி. குடியிருக்கும் ஃபிளாட்டுக்கு வெளிர் நிற மேட் விட்ரிஃபைட். அழகுக்குச் சுவரில் ஒரே ஒரு ஆளுயரக் கண்ணாடி, மஞ்சள் வெளிச்ச விளக்கு. ஆத்தங்குடி எடுப்பவர்கள் பத்துக் கல் கூடுதலாக வாங்கி வையுங்கள். அடுத்த தடவை கலக்கும் சிவப்பு இதே சிவப்பாக இருக்காது.