சாட்ஸ்வர்த் வீடு, மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜூன், ஜூலை மாதங்களில் வீடு பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான். மழை இருக்காது, சுவர் காய்ந்திருக்கும், பெயிண்ட் வாசனை மாறாமல் இருக்கும். சாட்ஸ்வர்த்தில் நாங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டை 2022 ஜூலையில் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். ஏப்ரல் பெருவெள்ளம் நகரத்தையே புரட்டிப் போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

வீட்டைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காற்றோட்டம் அருமை. கோயிலும் பள்ளிக்கூடமும் நடந்து போகும் தூரம். பின்பக்கம் ஒரு மாமரம், காய்க்கவும் செய்கிறது. குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. மேட்டைக் குடைந்து கட்டிய வீடு என்பதால் பின் அறைச் சுவரின் பாதி உயரத்துக்கு வெளியே மண் முட்டி நிற்கிறது. நவம்பர் மழை தொடங்கியதும் சுவரோடு பொருத்திய அலமாரிக்குப் பின்னால் பெயிண்ட் கொப்புளித்தது. கொஞ்ச நாளில் கறுப்புப் பூஞ்சை. துணியெல்லாம் ஈர வாசனை. பொறியாளர் வந்து பார்த்து, மண் பக்கம் நீர்த்தடுப்பே இல்லை, வடிகாலும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சரிசெய்ய ஏறக்குறைய 1,60,000 ராண்ட் ஆகும் என்றார்கள்.

காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தது. கட்டுமானக் குறையும் நாள்பட்ட கசிவும் பாலிசியில் வராதாம். வங்கி ஆள் அனுப்பி மதிப்பிட்டதே என்று கேட்கலாம். அந்த மதிப்பீடு வங்கி கொடுக்கும் கடனுக்கான பாதுகாப்பு, நமக்கானது அல்ல. கைமாற்றத்தின்போது மின்சாரச் சான்றிதழும், இந்தக் கடலோரப் பகுதி வழக்கப்படி, மரத்தில் வண்டு அரிப்பு இல்லை என்னும் மரவண்டுச் சான்றிதழும் வாங்கினோம். இரண்டும் சுத்தம். சுவருக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று சொல்லும் சான்றிதழ் எதுவும் அந்தத் தாள்களில் கிடையாது.

அப்புறம்தான் ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படித்தோம். பழைய வீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்கும் ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ என்ற நிபந்தனை இதிலும் இருந்தது. உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன் என்று பொருள். அது இருந்தால் மறைந்திருக்கும் குறைக்கும் விற்றவர் பொறுப்பில்லை. அதை உடைக்க வேண்டுமானால், குறை அவருக்குத் தெரியும், தெரிந்தே நம்மை ஏமாற்ற மறைத்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டும். நான் பேசிப் பார்த்த பலருக்கு இந்த இடம் பிடிபடவில்லை. குறை எவ்வளவு பெரியது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கூரையே இடிந்து விழுந்தாலும் அவருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட முடியாவிட்டால், தனிநபரிடம் வாங்கிய வீட்டில் வழக்கு நிற்காது. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் உத்தரவாதமும் இங்கே உதவாது. விற்பதையே தொழிலாகச் செய்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். தன் சொந்த வீட்டை ஒரு தடவை விற்கும் குடும்பத்துக்குப் பொருந்தாது.

எங்கள் அதிர்ஷ்டம், பக்கத்து வீட்டு ஆன்ட்டி. சுவரைப் பற்றிச் சொன்னதும், “என்ன தம்பி, வெள்ளத்தப்போ அந்த ரூம் மெத்தையெல்லாம் வெளியில காயப்போட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?” என்றார். அந்த வீட்டுக்கு வேலை பார்க்க வந்த ஆளின் நம்பரும் அவரிடம் இருந்தது. அந்த ஆளிடம் பழைய மதிப்பீட்டுத் தாள் வாட்ஸ்அப்பில் அப்படியே இருந்தது: பின் சுவர், நீர்த்தடுப்பு, வடிகால், 2022 மே மாதத் தேதி. விலை அதிகம் என்று சொல்லிவிட்டு, வெறும் பெயிண்ட் மட்டும் அடித்துத் தரச் சொன்னார்களாம். எங்கள் வழக்கறிஞர் பொறியாளர் அறிக்கையை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு வைத்துவிட்டார். இந்தத் தாளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார்.

இன்னொரு தாளும் கை கொடுத்தது. 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சொத்துத் தரகர் சட்டப்படி, தரகர் மூலம் விற்கும் வீட்டுக்கு விற்பவர் குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட படிவம் கட்டாயம். அது ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. எங்கள் படிவத்தில் ‘ஈரக்கசிவு’ என்ற இடத்துக்கு எதிரே ‘இல்லை’ என்று டிக் இருந்தது. மே மாதத் தாளையும் ஜூலை டிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறென்ன வேண்டும்?

கேட்கக்கூடிய பரிகாரம் இரண்டு. விற்பனையையே ரத்து செய்யலாம். அல்லது விலையைக் குறைக்கச் சொல்லலாம். இரண்டும் பழைய ரோமாபுரிச் சந்தை அதிகாரிகள் அடிமைகளையும் மாடுகளையும் விற்றவர்களுக்கு விதித்த சட்டத்திலிருந்து வந்தவையாம். வழக்கறிஞர் சொன்னபோது சிரிப்பு வந்தது. ரத்து என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குறை தெரிந்த பிறகும் சொந்த வீடு போலவே அனுபவித்துக்கொண்டும் மாற்றிக் கட்டிக்கொண்டும் இருந்தால் அந்த உரிமை போய்விடலாம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது? விலைக்குறைப்பையே கேட்டோம். வேலையைத் தொடங்கும் முன் விற்றவரை வந்து பார்க்கச் சொல்லி எழுதினோம், சுவரைப் பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்தோம்.

வழக்குப் போடக் காலக்கெடு மூன்று வருடம், குறை தெரிந்த நாளிலிருந்து. வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினால் கடிகாரம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. நீதிமன்ற அழைப்பாணை எதிராளி கையில் சேர வேண்டும், அல்லது பணம் தர வேண்டியிருப்பதை அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். விற்றவர் தரப்பு ‘பேசலாம், பேசலாம்’ என்று இழுத்தபோது எங்கள் வழக்கறிஞர் பேச்சை நிறுத்தவில்லை, அழைப்பாணையையும் அனுப்பிவிட்டார். 2,00,000 ராண்டுக்குள் என்பதால் மாவட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றம். அழைப்பாணை போன பிறகுதான் உண்மையான பேச்சே நடந்தது. கடைசியில் 1,05,000 ராண்டுக்கு முடித்தோம், அவரவர் செலவு அவரவருக்கு. வழக்கறிஞர், பொறியாளர் செலவு போகக் கையில் நின்றது 70,000 சொச்சம். தீர்ப்பு வரை போயிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். ஆனால் ஜெயித்தவருக்கும் வழக்கறிஞர் செலவு முழுசாகத் திரும்பி வராது என்பதால் இதில் எனக்கு வருத்தமில்லை.

சின்னக் குறை என்றால் இத்தனை பாடு வேண்டாம். சிறு கோரிக்கை நீதிமன்ற வரம்பை 2019-ல் 20,000 ராண்டாக உயர்த்தினார்கள். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, நீங்களே பேசலாம்.

புதுவீடு வாங்குகிறவர்கள் பாடு கொஞ்சம் தேவலை. என் சித்தி மகள் வடக்கே புதிதாகக் கட்டிய வீடு ஒன்றை வாங்கினாள். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுநர் என்ஹெச்பிஆர்சி என்ற தேசிய வீடு கட்டுவோர் பதிவு மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். சில்லறைக் குறைகளுக்கு 3 மாதம், கூரைக் கசிவுக்கு 12 மாதம், அஸ்திவாரம் சுவர் போன்ற கட்டமைப்புக்கு 5 வருடம் அவர் பொறுப்பு. அவள் கூரை ஒழுகியது பத்தாம் மாதத்தில். போனில் சொல்லிக்கொண்டிருந்தவளை அண்ணன் அதட்டி எழுத்தில் கொடுக்க வைத்தான். கட்டுநர் வந்து ஓடு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்களுக்கு மிச்சம் இருப்பது பின்கட்டு. சுவர் வேலைக்காக டர்பனின் ஈத்தெக்வினி நகராட்சியில் வரைபடம் எடுத்துப் பார்த்தால், அங்கே இருக்கும் இரண்டு அறைகள் வரைபடத்திலேயே இல்லை. அனுமதி வாங்காமல் எழுப்பியது. இதையும் சேர்த்துக் கேட்கலாமா என்றதற்கு வழக்கறிஞர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அனுமதி இல்லாமல் கட்டியதும் மறைந்திருக்கும் குறைதான், ஃபூட்ஸ்டூட்ஸ் அதையும் மூடும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-லேயே ஓடெண்டால் - ஃபெர்ராரிஸ் வழக்கில் சொல்லிவிட்டதாம். சுவருக்கு மே மாதத் தாள் கிடைத்தது போல இதற்கு எதுவும் கிடைக்கவில்லை. விற்றவரும் அதை வேறொருவரிடம் அப்படியே வாங்கியிருக்கலாம், யார் கண்டது? வரைவாளரைப் பிடித்து வரைபடம் போட்டு அனுமதிக்குக் கொடுத்திருக்கிறோம், அந்தச் செலவு எங்கள் தலையில். அனுமதி வரும்வரை பின்கட்டை வாடகைக்கு விடவில்லை.